எஸ்லினுடைய ஒரு ஓட்டு

லிட்டில் டிலைட் ஊரில் ஓட்டு எண்ணி முடித்ததும் பள்ளிக்கூடக் கதவில் ஒரு தாள் ஒட்டுவார்கள். எந்தக் கட்சிக்கு எத்தனை விழுந்தது என்று அதில் எழுதியிருக்கும். போகிற வழியில் யாரும் பெட்டியில் கை வைத்துவிடக் கூடாது என்பதற்காகப் போட்ட சட்டம்; நல்ல சட்டம்தான். ஆனால் இருநூற்றுச் சொச்சம் பேர் ஓட்டுப் போடுகிற ஊரில், அதிலும் ஒருத்தியைத் தவிர மற்ற எல்லோரும் இந்திய வம்சமாக இருக்கிற ஊரில், அந்தத் தாள் என்ன வேலை செய்யும் என்று தலைநகரத்தில் உட்கார்ந்து சட்டம் எழுதியவர்கள் யோசிக்கவில்லை. அவர்களுக்கென்ன, எழுதிவிட்டுப் போய்விட்டார்கள்.

அந்த ஒருத்தி எஸ்லின். கறுப்பினத்துப் பெண். டிராக்டர் ஓட்டிய பிசூனைக் கட்டிக்கொண்டு கயானாவின் இந்தப் பெர்பீஸ் கரைக்கு அவள் வந்து முப்பத்திரண்டு வருடமாகிறது. பிசூன் போய் ஒன்பது வருடம். தூண்கள் மேல் நிற்கும் வீட்டின் அடியில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு, ஊர்ப் பிள்ளைகளின் பள்ளிச் சீருடையிலிருந்து மாப்பிள்ளைகள் கல்யாணத்தன்று போடும் ஜாமா அங்கி வரைக்கும் அவள்தான் தைக்கிறாள். இருபத்தைந்து வருடமாக இந்த ஊரில் எந்த மாப்பிள்ளையும் அவள் தைத்த அங்கி இல்லாமல் மணவறை ஏறியதில்லை. அவள் கை பட்ட துணி ராசி என்று சொல்லிக்கொண்டுதான் கொண்டுவந்து கொடுப்பார்கள்.

இங்கே பேசப் பழகும்போதே பிள்ளைகள் ‘நம்ம கட்சி’, ‘அவங்க கட்சி’ என்று சொல்லப் பழகிவிடும். நம்ம கட்சி இந்தியர்களுக்கு, அவங்க கட்சி கறுப்பர்களுக்கு. பத்து மைல் தள்ளி இருக்கும் கறுப்பர்களின் ஊரில் இதே இரண்டு பெயர்களை இடம் மாற்றிச் சொல்வார்கள். அவ்வளவுதான் வித்தியாசம், மடத்தனம் இரண்டு பக்கமும் ஒரே எடை.

தேர்தலுக்குத் தேர்தல் பள்ளிக்கூடக் கதவில் ஒரே மாதிரிதான் வரும். நம்ம கட்சிக்கு இருநூற்றுப் பத்தோ இருநூற்று இருபதோ. அவங்க கட்சிக்கு ஒன்று. தாளைப் படித்துவிட்டு ஊர் சிரிக்கும். “எஸ்லினோட ஒண்ணு வந்துடுச்சு!” யாருக்கும் கோபம் இருந்ததில்லை. அந்தப் பேச்சு ஊரில் அப்படி ஒட்டிக்கொண்டுவிட்டது. சோற்றில் ஒரு கல் கடிபட்டால்கூட “இதோ எஸ்லினோட ஒண்ணு” என்று எடுத்துத் தட்டோரம் வைப்பார்கள்.

விஷயம் என்னவென்றால், அந்த ஒன்று எஸ்லினுடையது இல்லை.

அவள் ஏழு தேர்தலிலும் நம்ம கட்சிக்குத்தான் போட்டாள். முதல் முறை பிசூன் போட்டான் என்பதற்காகப் போட்டாள். பிறகு பெருவெள்ளம் வந்த வருடம், தையல் மெஷினின் மிதிபலகை வரை தண்ணீர் நின்றபோது, அந்தக் கட்சி ஆள் ஒருவர் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நடந்து வந்து பார்த்துவிட்டுப் போனார். நாலாம் நாள் பம்பு வந்தது. பம்பு கொண்டுவந்தவனுக்குப் போடுகிறேன் என்று முடிவு செய்துகொண்டாள். இதில் இனமும் இல்லை, பெரிய தத்துவமும் இல்லை.

முதல் முறை தாளில் அந்த ஒன்றைப் பார்த்ததும் வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள். “பிசூன், அது என்னோடது இல்ல.” அவன் தூணுக்குத் தூண் கட்டிய தூளியில், ஹாம்மக்கில், ஆடிக்கொண்டே சிரித்தான். “இருந்தா என்ன இப்ப? உன் ஆளுங்களுக்கு நீ போடுற. நான் உன்னத் தப்பாவே நினைக்கல.” எத்தனையோ சொல்லிப் பார்த்தாள். அவன் நல்லவன், மனைவியை மன்னித்துவிட்ட நிம்மதியோடேயே வாழ்ந்து, அதே நிம்மதியோடு செத்தும் போனான்.

நம்பிய ஆள் ஒருவன் உண்டு. அவளுடைய அண்ணன் வின்ஸ்லோ. அம்மாவின் சாவுக்குப் போனபோது பேச்சுவாக்கில் பம்புக் கதையைச் சொல்லிவிட்டாள். “அப்ப நீ முழுக்கக் கூலிக்காரி ஆயிட்ட. இனிமே இங்க வராத” என்று, அம்மாவைப் புதைத்த மண் காய்வதற்குள், சொந்தக்காரர்கள் முன்னால் முகத்தில் அடித்தாற்போல் சொன்னான். தோட்டக் கூலிகளாக வந்த இந்தியர்களைத் திட்டுகிற பெயர் அது. அதன் பிறகு அவளுக்குப் போக இடம் என்று ஒன்று இருந்தால் அது லிட்டில் டிலைட்தான்.

இந்தத் தேர்தலுக்கு ஒரு மாதம் முன்னால் நெடுஞ்சாலையில் எங்கோ ஒரு முனையில் கறுப்பர் கூட்டம் ஒன்று மினிபஸ்ஸை மறித்து உள்ளே இருந்தவர்களை அடித்துவிட்டது. அதற்கு முந்தின வாரம் வேறொரு ஊரில் இந்தியர்கள் ஒரு கறுப்பரின் மீன்கடையைக் கொளுத்தியிருந்தார்கள். அதைப்பற்றி லிட்டில் டிலைட்டில் யாரும் வாயே திறக்கவில்லை. அடிபட்டவர்களில் ஒருவன் கடைக்கார ஜெய்கோபினின் தங்கை மகன். தாடை உடைந்து, உறிஞ்சுகுழலில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான்.

ஜெய்கோபின்தான் ஊரில் நம்ம கட்சியின் ஏஜென்ட். அவனும் பிசூனும் கூடப்பிறந்தவர்கள் போல வளர்ந்தவர்கள். அதனால் எஸ்லினை அவன் ‘பௌஜி’ என்றுதான் கூப்பிடுவான், அண்ணி என்று அர்த்தம். தேர்தல் முடிந்து மூன்றாவது வாரம் அவன் மகன் ருத்ராவுக்குக் கல்யாணம். ஜாமாவுக்கான பொன்னிறத் துணி எஸ்லினின் மேஜையில் வெட்டிக் கிடந்தது. வலது கை வைத்துத் தைத்தாகிவிட்டது, இடது கை பாக்கி.

ஒரு சனிக்கிழமை ஜெய்கோபின் வந்தான். வழக்கமாக வந்ததும் ஹாம்மக்கில் விழுபவன், அன்று நின்றுகொண்டே பேசினான்.

“பௌஜி, இந்தத் தடவ அந்த ஒண்ணு வேணாம்.”

“அது என்னோடது இல்லன்னு எத்தன தடவ சொல்றது?”

“பின்ன யாரோடது? என்னோடதா?”

“எனக்கு எப்படித் தெரியும்? நான் உங்களுக்குத்தான் போடுறேன் ஜெய்கோபின். எல்லாத் தடவையும்.”

அவன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. “எதுக்குப் பொய்? உன் இனத்துக்கு நீ போடுறது இயற்கை. உன் எடத்துல இருந்தா நானும் அதத்தான் செய்வேன். இத்தன வருஷம் ஒரு வார்த்த கேட்டிருக்கனா? ஆனா இந்த வருஷம் என் மருமவன் தாடை ஒடஞ்சு கிடக்கான். அந்தத் தாள்ல ஒண்ணுன்னு பாத்தா என் தங்கச்சிக்கு எப்படி இருக்கும், சொல்லு எஸ்லின்.”

பௌஜி போய் எஸ்லின் ஆகிவிட்டதை அவன் கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள்.

மறுநாள் பிசூனின் தம்பி மனைவி துருபத்தி வந்தாள். பக்கத்து வீடுதான். உள்ளே வராமல் படியோரம் நின்று, “ஜெய்கோபின் அந்தத் துணியக் கேட்டாரு” என்றாள்.

“ஒரு கைதான் பாக்கி.”

“டவுன்ல, நியூ ஆம்ஸ்டர்டாம்ல குடுத்துத் தச்சுக்கிறாங்களாம்.”

“நீயுமா துருபத்தி?”

“என்னய என்ன பண்ணச் சொல்ற? எனக்கும் இந்த ஊர்லதான சோறு.”

ஒரு கை உள்ள அங்கியை எஸ்லின் மடித்துக் கொடுத்தாள். குண்டூசி குத்திவிடப் போகிறதே என்று தைக்காத பக்கத்திலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுக் கொடுத்தாள். அந்த வாரமே கல்யாண அழைப்புக்கு மஞ்சள் அரிசித் தட்டு ஊரைச் சுற்றிவந்தது. வீட்டுக்கு வீடு நின்று உள்ளங்கையில் நாலு மணி அரிசி வைத்துக் கூப்பிட்டுப் போனார்கள். எஸ்லின் கையைத் துடைத்துக்கொண்டு கேட் வரை வந்து நின்றாள். தட்டு துருபத்தி வீட்டிலிருந்து நேரே அடுத்த வீட்டுக்குப் போனது. நீட்டத் தயாராக வைத்திருந்த கையை என்ன செய்வதென்று தெரியாமல், கேட் கம்பியில் படிந்திருந்த பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

சீருடைத் துணிகளும் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போயின. அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. வந்தபோது, இத்தனை வருடம் இது தோன்றாமல் போயிற்றே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். நேரே ஜெய்கோபின் கடைக்குப் போனாள். பெஞ்சில் ஏழெட்டுப் பேர் மரப்பட்டையில் காய்ச்சிய மௌபி பானம் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“எல்லாரும் கேட்டுக்கங்க. நான் இந்தத் தடவ ஓட்டே போடப் போறதில்ல. பள்ளிக்கூடத்துக்கு எதிர்லதான என் வாசல்? காலைல ஆறு மணிலேர்ந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் அங்கயே உக்காந்திருப்பேன். போற வர்றப்ப என் விரலப் பாருங்க. அப்பவும் தாள்ல அந்த ஒண்ணு இருந்தா, அது யாரோடதுன்னு உங்களுக்குள்ள தேடிக்கங்க.”

பெஞ்சின் ஓரத்தில் இருந்த துலாராம் மெல்லச் சொன்னார், “விடுங்கப்பா. அவ இனத்துக்கு அவ போடுறா. இதுல என்ன பெரிய குத்தம்?”

துலாராம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் முப்பது வருடம் மருந்து கொடுத்து ஓய்வு பெற்றவர். எழுபது தாண்டிவிட்டது. ஒவ்வொரு தேர்தலிலும் அவளுக்காகப் பேசுகிற ஒரே வாய் அவருடையது. பேசுகிற வார்த்தையும் இதேதான். அந்த வார்த்தையில் அவளுக்கு உடன்பாடு இல்லை, ஆனாலும் சொல்கிற மனசுக்காக அவர்மேல் எஸ்லினுக்குத் தனி மரியாதை.

தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு மத்தியானம் அவர் வந்தார். கையில் ஒரு கால்சட்டை. கீழே மடித்துத் தைக்க வேண்டுமாம். ஊரில் யாரும் துணி கொண்டுவராத நேரத்தில் அவராவது வந்தாரே என்று எஸ்லின் உடனே வாங்கிக்கொண்டாள். வாயில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டு மடிப்பை அளந்துகொண்டிருந்தாள்.

“எஸ்லின், நீ போய் ஓட்டுப் போட்டுடு.”

அவள் தலையை மட்டும் ஆட்டினாள், மாட்டேன் என்று.

“அது உன் உரிம. எதுக்கு விடணும்? இவனுங்க பேசுவானுங்க, அடங்கிடுவானுங்க.”

மறுபடியும் ஆட்டினாள்.

அவர் ஹாம்மக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். “நீ போகலன்னா நான் எப்படிப் போடுறது?”

எஸ்லின் வாயிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தாள். “என்ன சொன்னீங்க அங்கிள்?”

அவர் கயிற்றிலிருந்து கையை எடுத்தார்.

“ஏழு தடவையுமா?”

“ஏழு தடவையும்.”

“ஏன்?”

அதைக் கேட்டதும் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. இதை யாரிடமாவது சொல்ல இத்தனை வருடம் காத்திருந்தவர் போல இருந்தது. “ரெண்டு பக்கமும் தோலப் பாத்தே போட்டா எவன் ஜெயிச்சாலும் நம்மளுக்குப் பயப்பட மாட்டான். நாம எங்க போயிடப் போறோம்னு இருப்பான். ஒருத்தனாவது மாத்திப் போடணும். ஆள ஆளாப் பாக்கணும், இனமாப் பாக்கக் கூடாது. இது என் கொள்க எஸ்லின். நீ இந்த ஊருக்கு வந்தப்புறம்தான் எனக்கு அந்தத் தைரியமே வந்துச்சு.”

“கொள்க உங்களோடது. கெட்ட பேரு என்னோடதா?”

“உனக்கு என்ன ஆயிடும்?” குரலில் கெடுதல் எதுவும் இல்லை, நோயாளிக்கு மாத்திரையைப் பற்றி விளக்குகிற குரல். “நீ கறுப்புன்னு எல்லாருக்கும் தெரியும். நீதான் போட்டன்னு நினைச்சு யாரும் ஆச்சரியப்படல. நான்னு தெரிஞ்சா என்ன ஆகும்? என் பொண்ண ஜெய்கோபின் தம்பிக்குக் குடுத்திருக்கேன். கோயில் கமிட்டில இருக்கேன். என்னக் காறித் துப்புவாங்க.”

“என்னத் துப்புறாங்களே அங்கிள். துணியப் புடுங்கிட்டுப் போயிட்டாங்க. கல்யாணத்துக்குக் கூப்பிடல.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா பெஞ்சுல உக்காந்து, அவ இனத்துக்கு அவ போடுறான்னு சொன்னீங்க?”

அவர் மேஜைமேல் கிடந்த ஊசிகளை ஒரு வரிசையாகத் தள்ளிவைத்தார்.

“நான் சொல்லிடட்டா?”

“சொல்லேன்” என்றார். பயமுறுத்தவில்லை, கெஞ்சவும் இல்லை. “யாரு நம்புவாங்க?”

அதுதான் அவளை வீழ்த்தியது. கடையில் போய் நின்று ‘அது துலாராம் அங்கிள்’ என்று சொன்னால், தனக்காகப் பேசிய ஒரே மனிதர்மேல் பழியைப் போடுகிற நன்றிகெட்டவள் என்பார்கள். இந்தப் புத்திதான் அந்த இனத்துக்கு என்பார்கள். சிரிக்கக்கூட மாட்டார்கள் இந்தத் தடவை.

எஸ்லின் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். உங்க பேர நான் வெளிய விட மாட்டேன், எங்க அம்மா மேல சத்தியம். நீங்க எப்பவும் போல போட்டுடுங்க. தாள்ல அந்த ஒண்ணு வரட்டும். நீங்கன்னு யாருக்கும் தெரிய வேணாம், நான் இல்லன்னு தெரிஞ்சாப் போதும். இருநூறு பேர்ல உங்கள எப்படிக் கண்டுபிடிப்பாங்க?”

“பாக்குறேன்” என்றார் துலாராம். கால்சட்டையை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

தேர்தல் அன்று எஸ்லின் மாதா கோயிலுக்குப் போடுகிற வெள்ளை கவுனைப் போட்டுக்கொண்டு, ஐந்தே முக்காலுக்கே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். கைகளை மடியில், விரல்கள் தெரிய வைத்துக்கொண்டாள். ஊர் வரிசையாக வந்தது. போகிறவர்கள் அவள் கையைப் பார்த்தார்கள். திரும்புகிறவர்கள் மை ஈரமான விரலைத் தூக்கிப் பிடித்தபடி மறுபடியும் பார்த்தார்கள். துருபத்தி ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு ஓடினாள். பெரிய வெயில். சிறுநீர் கழிக்கக்கூட அவள் எழுந்திருக்கவில்லை. அந்த ஐந்து நிமிடத்தில் போட்டுவிட்டு வந்தாள் என்று சொல்லிவிடுவார்கள் அல்லவா?

பத்து மணிக்குத் துலாராம் போனார். மற்றவர்கள் போன சுருக்கில் வந்தார்கள். அவர் உள்ளே வெகுநேரம் இருந்தார். வெளியே வந்தபோது அவள் பக்கம் திரும்பவில்லை. ஊரில் அவள் கையைப் பார்க்காமல் போனது அவர் ஒருவர்தான். மனதை மாற்றிக்கொள்ளாதவர் ஏன் என்னைப் பார்க்கக் கூச வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. இல்லை, போட்டுவிட்ட பயத்தில்தான் பார்க்கவில்லை என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டாள். மிச்ச எட்டு மணி நேரமும் இந்த இரண்டுக்கும் நடுவில் போனது.

மறுநாள் விடிந்ததும் போனாள். பள்ளிக்கூடக் கதவு முன்னால் ஏற்கெனவே கூட்டம். அவளைப் பார்த்ததும் வழிவிட்டார்கள்.

நம்ம கட்சிக்கு இருநூற்றுப் பன்னிரண்டு. அவங்க கட்சிக்கு ஒரு முட்டை.

எஸ்லின் இரண்டு முறை படித்தாள். அந்த வட்டத்துக்குள் ஏதாவது எழுதியிருக்குமோ என்று பார்ப்பவள் போலக் கிட்டே போய்ப் பார்த்தாள்.

“பாத்தியா!” என்றான் ஜெய்கோபின். கோபமே இல்லை அவனுக்கு, முகமெல்லாம் பல். “என்னோடது இல்ல, என்னோடது இல்லன்னு சாதிச்சியே. நீ போகல, ஒண்ணும் இல்ல. கணக்கு சரியாப் போச்சா?”

கூட்டம் சிரித்தது. பழைய சிரிப்பு, விரோதம் இல்லாத சிரிப்பு. யாரோ அவள் தோளில்கூடத் தட்டினார்கள். கூட்டத்தின் பின்னாலிருந்து, மை காய்ந்த விரலோடு, துலாராம் வழக்கம்போல மெல்லப் பேசினார்:

“விடுங்கப்பா. எது எப்படியோ, இந்தத் தடவ நம்ம பேச்சக் கேட்டு ஒதுங்கி நின்னாளே. அதுக்கு மேல என்ன வேணும்?”

எல்லோரும் தலையாட்டினார்கள். எஸ்லின் வாயைத் திறந்தாள். துலாராமைப் பார்த்தாள். அவர் இந்த முறை அவளைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. அழுகிற கிழவரை என்ன சொல்லித் திட்டுவது? சொன்னாலும் எதை வைத்து நிரூபிப்பது? சாட்சியம் முழுவதையும் அவளே பன்னிரண்டு மணி நேரம் வெயிலில் உட்கார்ந்து தயாரித்துக் கொடுத்திருந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

மத்தியானத்துக்குள் துருபத்தி ஜாமாத் துணியோடு வந்தாள், இந்த முறை நேரே உள்ளே. பின்னாலேயே ஜெய்கோபின், கையில் மஞ்சள் அரிசி. “கைய நீட்டுங்க பௌஜி” என்றான். நியூ ஆம்ஸ்டர்டாமில் தைக்கிறவர்கள் யாரும் அடுத்தவள் பாதி தைத்ததைத் தொடமாட்டோம் என்றுவிட்டார்களாம். அதையும் அவனே சொல்லிச் சிரித்துவிட்டு ஹாம்மக்கில் விழுந்தான்.

“நடந்தத மறந்துடலாம். மனுஷன்னா தப்புப் பண்றதுதான். அடுத்த தடவையும் இப்படியே வாசல்ல உக்காந்துடுங்க பௌஜி. ஊருக்கே எவ்வளவு பெரும பாத்தீங்களா, ஒரு பிசிறு இல்லாம!”

எஸ்லின் உள்ளங்கையில் நாலு மணி அரிசி ஒட்டிக்கொண்டிருந்தது. அவனை எழுப்பி வெளியே போகச் சொல்லலாம். சொன்னால் நாளைக்கு யாருக்குத் தைப்பாள், எங்கே போவாள்? வின்ஸ்லோவின் வாசலுக்கா?

“சரி” என்றாள்.

“ருத்ரா உடம்பு போட்டுட்டான். எடது கைய கொஞ்சம் தளர்வா வைங்க.”

அவள் அரிசியை மெஷின் மேல் வைத்துவிட்டு நாடாவை எடுத்தாள். கொடியில் துலாராமின் கால்சட்டை தொங்கியது. அதற்கும் கீழ் மடிப்பு தைக்க வேண்டும். வெளியே ரோட்டில் நம்ம கட்சிக்காரர்கள் வெடி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏழு தேர்தலாகத் தங்களுக்கு விழுந்துகொண்டிருந்த ஓர் ஓட்டு இனிமேல் விழாது என்பதைத்தான் அவர்கள் அப்படிக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள்.